ஸ்போர்ட்ஸ் கார்: பழமையின் சுவையும் புதுமையின் வலிமையும்

பழையது சிறந்ததா, புதியது சிறந்ததா என்னும் வழக்கு இலக்கிய அரங்குகளில் மட்டும் நிகழ்வதன்று. கார்களின்மீது காதல் கொண்டோரிடையேயும் அது நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் வகையைப் பற்றிப் பேச்சு எழும்போது அவ்வழக்கு மிகவும் சூடேறிவிடும். ஸ்போர்ட்ஸ் கார் என்பது பந்தயக் களத்திற்கெனவே செய்யப்பட்ட கார் அன்று. பொதுச் சாலையில் ஓடும் உரிமை பெற்ற கார்தான். ஆயினும் சுமை ஏற்றுவதோ, குடும்பத்தை ஏற்றிச் செல்வதோ அதன் முதல் நோக்கமில்லை; ஓட்டுவதில் உள்ள இன்பமே அதன் முதல் நோக்கம். ஆகவே, எந்தக் கார் மேலானது என்னும் கேள்வி, ஓட்டும் இன்பம் என்பது யாது என்னும் கேள்வியாகவே முடிகிறது.

இதனை ஆராய்வதற்கு ஏற்ற சான்று ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தின் பழைய காரையும் வேறொரு நிறுவனத்தின் புதிய காரையும் ஒப்பிடுவது மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் ஒப்பிடுவது போலாகும். ஜெர்மனி நாட்டுப் போர்ஷே நிறுவனத்தின் 911 என்னும் காரோ, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பெயரோடும் ஏறத்தாழ ஒரே வடிவோடும் வந்துகொண்டிருக்கிறது. பழமையையும் புதுமையையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க அது வாய்ப்பளிக்கிறது.

ஒரு பெயர், இரண்டு கார்கள்

பெர்டினாண்ட் அலெக்ஸாண்டர் போர்ஷே வடிவமைத்த இக்கார் 1963-ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் கார்க் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்டது. அப்பொழுது அதன் பெயர் 901. நடுவில் சுழியம் அமைந்த மூன்றிலக்கப் பெயர்கள் பிரான்சில் தமக்கே உரியவை எனப் பெஜோ நிறுவனத்தார் தடை எழுப்பவே, அது 911 ஆயிற்று. ஆறு சிலிண்டர்கள் கொண்ட அதன் எஞ்சின் காரின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. அதனைக் குளிர்விக்கத் தண்ணீர் இல்லை; விசிறியால் வீசப்படும் காற்றே அப்பணியைச் செய்தது.

முதற் காரின் எடை 1,080 கிலோகிராம். ஆற்றல் 130 குதிரைச் சக்தி. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு ஒன்பது விநாடிகள் ஆயின. 2019-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த 911 கரேராவின் எடை ஏறத்தாழ 1,500 கிலோகிராம். ஆற்றல் 385 குதிரைச் சக்தி. அதே வேகத்தை அது 4.2 விநாடிகளில் எட்டிவிடும். பழைய கார் 161 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. புதியதோ 185 சென்டிமீட்டர். பெயரும் சாயலும் ஒன்றாயினும், பேரன் பாட்டனைவிடப் பருத்தவனாகவும் பன்மடங்கு வலியவனாகவும் வளர்ந்துவிட்டான்.

எண்களை மட்டும் நோக்கின் வழக்கு இத்துடன் முடிந்துவிடும். விரைவு, பிரேக் பிடிக்கும் ஆற்றல், வளைவில் சாலையைப் பற்றி நிற்கும் திறன், எரிபொருளை வீணாக்காமை ஆகிய எதிலும் பழைய கார் புதியதன் அருகிலும் நிற்கவியலாது. அங்ஙனமாயினும் பழைய 911-க்காக ஏங்குவோர் தொகை குறையவில்லை. காரணம் என்ன?

ஓட்டுவோனுக்கு உரிய பங்கு

சங்க நூல்கள் தேர் செலுத்துவோனைப் பாகன் என்றும் வலவன் என்றும் வழங்கும். குதிரையின் இயல்பையும் பாதையின் மேடுபள்ளங்களையும் கைக்கயிற்றின் வழியே உணர்ந்து தேரை நடத்துவது அவன் தொழில். பழைய ஸ்போர்ட்ஸ் கார் தன்னை ஓட்டுவோனிடம் இத்தகைய தொழிலையே எதிர்பார்த்தது.

அதன் ஸ்டீரிங் சக்கரத்தைத் திருப்ப வேறு துணை விசை கிடையாது. முன்சக்கரங்கள் லேசாக இருந்தமையால் அத்துணை தேவைப்படவும் இல்லை. சாலை கரடாயினும், ஈரமாயினும், டயர் வழுக்கத் தொடங்கினும் அச்செய்தி நேரே ஓட்டுவோனின் உள்ளங்கைக்கு வந்து சேரும். எஞ்சினின் வேகத்தைக் காதால் அளந்து, கிளட்சை மிதித்து, ஐந்து கியர்களுள் ஏற்றதைக் கையால் தேர்ந்து போட வேண்டும். பிழை செய்தால் கார் உடனே குலுங்கிக் காட்டும். செவ்வனே செய்தால் வழுவழுப்பாக ஓடும். அந்த மறுமொழியே இன்பத்தின் ஊற்று.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய காரில் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்திலேயே ஓட்டுவோனுக்கு வேலையும் விறுவிறுப்பும் கிடைத்துவிடும். புதிய காருக்கு அந்த வேகம் நடைபயில்வது போன்றது. அது நான்கு விநாடிகளுக்குள் சிங்கப்பூர் விரைவுச்சாலைகளின் உச்ச வரம்பாகிய 90 கிலோமீட்டரைக் கடந்துவிடும். மலேசிய நெடுஞ்சாலைகளின் வரம்பாகிய 110 கிலோமீட்டரைத் தாண்ட மேலும் ஓரிரு விநாடிகள் போதும். சட்டம் இடம் தரும் எல்லைக்குள் அக்காரின் திறமையில் சிறு பகுதியே வெளிப்படும். விரைவு என்பது கடிகாரம் காட்டும் அளவு. விறுவிறுப்பு என்பது மனம் உணரும் அளவு. இரண்டும் ஒன்றென மயங்குவதாலேயே இவ்வழக்கில் ஒருவர் பேச்சு மற்றவர் செவியில் ஏறுவதில்லை.

பழமை வாங்கிய விலை

ஆயினும் பழமையைப் போற்றுவோர் மறைத்துப் பேசும் பகுதி ஒன்றுண்டு. எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்கியமையால், வளைவின் நடுவே ஓட்டுவோன் அஞ்சி ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்கினால் காரின் எடை முன்னோக்கிச் சாயும், பின்சக்கரங்கள் பிடியிழக்கும், வால்பகுதி வீசிச் சுழலும். அஞ்சியவன் இயல்பாகச் செய்யும் செயலே அவனுக்கு எமனாக முடிந்தது. இக்குறையை நிறுவனத்தாரும் அறிந்திருந்தனர். 1969-ஆம் ஆண்டு மாடலில் முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையேயுள்ள நீளத்தை 57 மில்லிமீட்டர் கூட்டினர். 1975-இல் விற்பனைக்கு வந்த 911 டர்போ, தேர்ச்சியில்லாதார் கையில் விதவைகளை உண்டாக்கும் கார் என்றே பெயரெடுத்தது.

இன்றைய கார்களில் சறுக்கல் தடுப்பு அமைப்பு உள்ளது. ஸ்டீரிங் காட்டும் திசையையும் கார் உண்மையில் திரும்பும் திசையையும் அது இடைவிடாது ஒப்பிடுகிறது. இரண்டும் மாறுபட்டால், ஓட்டுவோன் உணரும் முன்பே, நான்கு சக்கரங்களுள் ஏற்றதொன்றில் மட்டும் பிரேக் பிடித்துக் காரை நேராக்குகிறது. இவ்வமைப்பு 1995-ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் கார்களில் வந்தது. பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அதனால் பிழைத்த உயிர்கள் பல. பிழை செய்தவனைத் தண்டித்துக் கற்பித்தது பழைய கார். பிழையை மன்னித்துக் காப்பாற்றுகிறது புதிய கார். கற்பித்தலின் சிறப்பைப் பாடுவோர், பாடம் முடியுமுன்னே மாண்டோரை மறத்தல் ஆகாது.

மேலும், இன்று நாம் காணும் பழைய கார்கள் காலத்தின் சல்லடையில் தேறியவை. 1970-களின் நடுப்பகுதி வரை வந்த 911-களின் இரும்புத் தகடுகள் எளிதில் துருப்பிடித்தன. 1976-ஆம் ஆண்டு மாடல் முதற்கொண்டே துத்தநாகப் பூச்சிட்ட தகடுகள் வந்தன. துருவேறி அழிந்தவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. போற்றிக் காக்கப்பட்டவையே எஞ்சி நிற்கின்றன. எஞ்சியவற்றைக் கொண்டு அக்காலத்துக் கார்கள் அனைத்தும் சிறந்தவை என முடிவு கட்டுதல், கிடைத்த ஏடுகளை மட்டும் படித்துவிட்டு அக்காலத்தில் மோசமான புலவரே இல்லை என்பதற்கு ஒப்பாகும்.

நிறுவனம் கற்ற பாடம்

1997-இல் காற்றால் குளிரும் எஞ்சினைக் கைவிட்டுத் தண்ணீரால் குளிரும் எஞ்சின் கொண்ட 911 அறிமுகமானபோது பழைய அன்பர்கள் பலர் அதனை 911 என ஏற்கவே மறுத்தனர். ஒலிக் கட்டுப்பாடும் புகைக் கட்டுப்பாடும் நிறுவனத்தார்க்கு வேறு வழி விடவில்லை. 2013-ஆம் ஆண்டில் 911 ஜிடி3 என்னும் மாடலில் கையால் கியர் மாற்றும் வசதி அறவே நீக்கப்பட்டது. தானியங்கிக் கியர் அமைப்பு மனிதக் கையைவிட விரைவாக மாற்றும் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம்; அது உண்மையுங்கூட. ஆயினும் அன்பர்கள் அமைதியடையவில்லை. 2016-இல் 911 ஆர் என்னும் கார் கையால் கியர் மாற்றும் அமைப்புடன் மட்டுமே வந்தது. மொத்தம் 991 கார்களே செய்யப்பட்டன. மறுவாண்டு ஜிடி3 மாடலிலும் கைக்கியர் மீண்டும் இடம்பெற்றது. விரைவு குறைந்தாலும் தம் கைக்கு வேலை வேண்டும் என்று வாங்குவோரே கேட்டதன் விளைவு இது.

ஜப்பானிய மஸ்டா நிறுவனம் இதனை முன்பே உணர்ந்திருந்தது. லோட்டஸ் எலான் முதலிய 1960-களின் லேசான பிரிட்டிஷ் கார்களின் சுவையை, பழுதில்லாப் புதுத் தொழில்திறனோடு சேர்த்து, 1989-இல் எம்எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் காரை அது வெளியிட்டது. குதிரையும் வீரனும் ஓருடலாதல் என்னும் பொருள் தரும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரே அதன் குறிக்கோளாயிற்று. ஆற்றல் மிகுந்த கார் அன்று அது. எனினும் 2016-ஆம் ஆண்டிற்குள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டவை செய்யப்பட்டன.

முடிவு

இவற்றால் விளங்குவது ஒன்று. பழைய காரின் கவர்ச்சி அதன் வயதில் இல்லை. எடையின் குறைவிலும், சாலையை உணர்த்தும் நேர்மையிலும், மனிதனுக்கு விட்டுவைத்த பங்கிலும் இருக்கிறது. புதிய காரின் பெருமையும் அதன் விரைவில் மட்டும் இல்லை. தவறிய கணத்தில் உயிரைக் காக்கும் விழிப்பில் இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஒழிப்பவை அல்ல என்பதற்கு மஸ்டாவே சான்று.

1997-இல் வெறுக்கப்பட்ட தண்ணீர் எஞ்சின் 911-ஐ இன்று தேடி வாங்குவோர் உளர். மின்சாரக் கார்கள் பெருகும் இக்காலத்தில் கியரும் எஞ்சின் ஒலியும் பழமைப் பொருள்களாகி வருகின்றன. நாளைய தலைமுறை இன்றைய காரை நினைத்து ஏங்கும் நாளும் வரும். அன்றும் கேட்க வேண்டிய கேள்வி, எது விரைவாக ஓடுகிறது என்பதன்று. ஓட்டுபவனுக்கு என்ன வேலை மிஞ்சியிருக்கிறது, அந்த வேலையில் அவன் உயிருக்கு என்ன காவல் இருக்கிறது என்பதே.