இன்சாஸ்: ஒரே அமைப்பில் ரைபிளும் இயந்திரத் துப்பாக்கியும்

இன்சாஸ் என்பது இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட 5.56 மி.மீ. துப்பாக்கிக் குடும்பம். ரைபிள், இலகு இயந்திரத் துப்பாக்கி, கார்பைன் மூன்றையும் ஒரே அடிப்படை அமைப்பில் செய்வதே திட்டம். முதலிரண்டும் 1990களில் படைக்கு வந்தன, கார்பைன் தேறவில்லை. 1966இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலையிலும் இன்சாஸ் தயாரானது.

இரண்டுக்கும் பல பாகங்கள் பொது. இயந்திரத் துப்பாக்கிக்குக் குழல் கனமானது. முன்னால் இருகால் தாங்கி உண்டு. ரைபிளின் மேகசினில் 20 தோட்டாக்கள், மற்றதில் 30. அந்தப் பெரிய மேகசின் ரைபிளிலும் பொருந்தும். போர்முனையில் இந்தப் பொதுமைதான் பெரிய லாபம். மேகசின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனது. எத்தனை தோட்டா மிச்சம் என்று கழற்றாமலே தெரியும்.

ரைபிளின் கைப்பிடிக்கு மேலே, இடப்பக்கம் ஒரு சிறு நெம்புகோல். அதைப் பாதுகாப்பு நிலையில் வைத்தால் விசை இயங்காது. அடுத்த நிலைகளில் ஒற்றைத் தோட்டாவும், மூன்று தோட்டாத் தொடரும். இது வெளியே தெரியும் காப்பு. உள்ளே இன்னொன்று உண்டு: சுழலும் போல்ட் குழலோடு முழுமையாகப் பூட்டிக்கொண்ட பிறகே தோட்டா வெடிக்கும்.

பின்னர் இதே தொழிற்சாலை உருவாக்கிய திருச்சி அசால்ட் ரைபிள் 7.62 மி.மீ. அளவிலானது, ஏ.கே. வகையைப் பின்பற்றுவது. அவ்வகையில் காப்பு நெம்புகோல் வலப்பக்கம் நீளமாக இருக்கும். விசையைத் தடுப்பதோடு, போல்ட் கைப்பிடி ஓடும் பிளவை மூடித் தூசியையும் தடுக்கும். தள்ளும்போது எழும் ‘டக்’ சத்தம்தான் அதன் குறை.