உதவ ஆள் இருந்தும் திருத்த முடியாத மென்பொருள்

ஒரு மென்பொருளில் பிழை தெரிகிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கூலி வாங்காமல் செய்யவும் தயார். ஆனாலும் முடிவதில்லை. ஏன்?

நாம் கணினியில் நிறுவுவது பெரும்பாலும் இயந்திரத்துக்குப் புரியும் வடிவம் மட்டுமே. பிழையைத் தேடித் திருத்த, மனிதர் எழுதிய மூலநிரல் வேண்டும். அது கிடைத்தாலும், திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமம் இடம் தர வேண்டும்.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் நடந்தது இதுதான். அங்கிருந்த பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்போருக்குத் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றியிருந்தார். புதிதாக வந்த லேசர் பிரிண்டருக்கு மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், வெளியே தருவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்ததால் மறுத்துவிட்டார். 1983ல் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989ல் வந்த ஜி.பி.எல். உரிமம், பார்க்கவும் திருத்தவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை தந்தது.

எனவே பள்ளிக்கோ பொது அமைப்புக்கோ மென்பொருள் வாங்கும்போது விலையை மட்டும் கேட்டால் போதாது. இலவசம் என்பதாலேயே திருத்தும் உரிமை வந்துவிடாது. மூலநிரல் உண்டா, திருத்தலாமா, பகிரலாமா என்று முதலிலேயே கேட்போம். உரிமம் தடுத்தால், ஒப்பந்தத்தை மீறாமல், பிழை எப்போது, எப்படி வருகிறது என்று தெளிவாக எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்புவோம். அதுவும் உதவிதான்.