இறுகிய கைகால்களை இழுக்காதீர்கள்!



நம் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் பிறந்த பிள்ளை மீது உம்மாவின் கையைவிட மூத்தம்மாவின் கைதான் அதிகம் படும். குளிப்பாட்டுவது, எண்ணெய் தேய்ப்பது, கால் நீட்டி விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. "இந்தப் பிள்ளையின் கால் கத்தரிக்கோல் போலப் பின்னுகிறதே" என்று முதலில் கண்டுகொள்பவரும் பெரும்பாலும் அவரே. கண்டதும் அவர் சொல்லும் வைத்தியம், "நரம்பு சுருண்டு போச்சு, நல்லா உருவி விட்டா சரியாப் போகும்" என்பதுதான்.

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் கோளாறு காலில் இல்லை, மூளையில் இருக்கிறது.

எந்தத் தசையையும் சட்டென்று இழுத்தால் அது சுருங்கப் பார்க்கும். அது அதன் இயல்பு. அந்தச் சுருக்கத்தை அளவோடு அடக்கி வைப்பது மூளை. மூளையில் பாதிப்பு ஏற்பட்டால் அந்தக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. பிறகு வேகமாக இழுக்க இழுக்கத் தசை இன்னும் முறுக்கிக்கொள்ளும். மெதுவாக நீட்டினால் இணங்கும். பெருமூளை வாதமுள்ள பிள்ளைக்கும், பாரிசவாதம் வந்த வாப்பாவுக்கும் இதே கதைதான்.

1861இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜோன் லிட்டில், பிள்ளைகளின் இந்த இறுக்கத்திற்குக் கஷ்டப் பிரசவமே காரணம் என்று எடுத்துரைத்தார். நெடுங்காலம் இது 'லிட்டில் நோய்' என்றே அழைக்கப்பட்டது. பிரசவத்தில் ஏற்படும் மூச்சுத் திணறல் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு மட்டுமே காரணம் என்பது இன்று தெரிந்துவிட்டது. குறைமாதப் பிறப்பு, கர்ப்பத்தில் தொற்றிய கிருமி, பிறந்தபின் வந்த மூளைக்காய்ச்சல் என்று வேறு பல காரணங்களும் உண்டு. ஆகவே, "நீ வயிற்றில் இருக்கும்போது அதைச் செய்தாய், இதைத் தின்றாய்" என்று பெற்றவளைக் குத்திப் பேசுவதை முதலில் நிறுத்துவோம்.

வீட்டில் எதைக் கவனிப்பது? நான்கு மாதமாகியும் கைகள் எந்நேரமும் பொத்தியபடி இருப்பது, உடுப்பு மாற்றும்போது தொடைகள் விரிய மறுப்பது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டுவது. கடைசியில் சொன்னதைப் பார்த்து "கெட்டிக்காரப் பிள்ளை" என்று மெச்சுவோரும் உண்டு. அந்த வயதில் அது மற்றக் கை பலவீனம் என்பதன் அடையாளமாக இருக்கலாம். கிளினிக் நாளில் மருத்துவிச்சியிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

மருத்துவரும் இயன்மருத்துவரும் மூட்டை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் அசைத்துப் பார்ப்பார்கள். வேகத்தில் மட்டும் தடுத்தால் அது மூளையால் வரும் இறுக்கம். மெதுவாக அசைத்தாலும் வராவிட்டால் தசையே குட்டையாகி விட்டது என்று பொருள். இதற்கு வைத்தியம் வேறு. இறுக்கத்தை 0 முதல் 4 வரை அளக்கும் அஷ்வர்த் அளவு 1964இல் வந்தது. ஆனால் எண்ணைவிட முக்கியமான கேள்வி, உங்களுக்கு எது கஷ்டம் என்பதுதான். பிள்ளையைக் கழுவுவதா, சோறூட்டுவதா, வாப்பா ஒளுச் செய்யக் கையை விரிப்பதா? அதைச் சொல்லுங்கள். சிலர் கால் விறைப்பை ஊன்றியே எழுந்து நிற்கிறார்கள். அதை முற்றாகத் தளர்த்தினால் விழுந்துவிடுவார்கள்.

இனிக் கைவேலை. பொத்திய கையை விரல் நுனியில் பிடித்து இழுக்காதீர்கள். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெல்ல மடியுங்கள், விரல்கள் தாமாகவே தளரும். பின்னிய கால்களைக் கணுக்காலில் பிடித்து விரிக்காதீர்கள். முதலில் இடுப்பையும் முழங்காலையும் மடித்து, பிறகு தொடையைப் பிடித்து மெதுவாக விலக்குங்கள். நீட்டிய பின் முப்பது வரை நிதானமாக எண்ணும் நேரம் அப்படியே பிடித்திருங்கள். எண்ணெய் தடவுவதில் தவறில்லை, முரட்டு உருவல்தான் கூடாது. நம் பெண்கள் இடுப்பில் பிள்ளையை வைத்துச் சுமக்கிறார்களே, கால்கள் இருபுறமும் விரிந்திருப்பதால் இந்தப் பிள்ளைகளுக்கு அது மிக நல்லது. சுருட்டிய பன்பாயை நெஞ்சின்கீழ் வைத்துக் குப்புறப் படுக்க விட்டால் தலை தூக்கப் பழகும். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். முற்றத்து மணலில் சிறு குழி தோண்டி, இடுப்பும் முழங்காலும் மடியும்படி அதன் விளிம்பில் அமர்த்தினால் காசில்லாத கதிரை! படுக்க வைத்து மட்டும் ஊட்டாதீர்கள், புரையேறி நெஞ்சுச்சளி வரும். பாரிசவாதக்காரரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு கெட்டுவிடும்.

இறுக்கம் ஒருநாள் திடீரென்று கூடினால் மலச்சிக்கல், சிறுநீர்க் கிருமி, படுக்கைப் புண், பல்வலி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பேசத் தெரியாத பிள்ளையின் உடல் வலியை இப்படித்தான் சொல்லும். இடுப்பு மூட்டு சத்தமின்றி விலகவும் கூடும் என்பதால், மருத்துவர் எக்ஸ்ரே கேட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

மருந்துகளில் பக்ளோஃபென் குளிசை பலருக்கும் தரப்படுவது. சில தசைகள் மட்டும் தொல்லை தந்தால் பொட்டுலினம் ஊசி போடுவதுண்டு. அதன் பலன் மூன்று மாதமளவில் குறைந்துவிடும். அந்த மாதங்களில் பயிற்சி செய்யாவிட்டால் ஊசி வீண். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள். தேவையென்றால் அங்கிருந்து ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலைக்கோ, கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள்.

ரமழான் நெருங்கும்போது ஒன்றை மறவாதீர்கள். பக்ளோஃபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். நாளுக்கு மூன்று வேளை குடிப்பவர், "ஸஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் போதும்" என்று தானாகவே முடிவு செய்யக்கூடாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கப் போகும்போது மூத்தம்மாவையும் கூட்டிப் போங்கள். இயன்மருத்துவர் காட்டித் தருவதை வீட்டில் செய்யப்போவது அவர் கைதானே!