தளை தட்டும் எஞ்சின்

நாற்சீர் கொண்ட அளவடியில் ஒரு சீர் பிழைபடின் அடி முழுதும் ஓசை கெடும். அப்பொழுது நல்லாசிரியர் அடியை மாற்றி எழுதச் சொல்லார். எச்சீர் பிழைத்தது என்பதை முதலிற் காணச் சொல்வர். நான்கு சிலிண்டர்களையுடைய மோட்டார் எஞ்சினும் இத்தன்மைத்தே. அதன் நடை பிறழுங்கால் பிழையின் இடத்தைக் காணும் முறையை, உடையவரே உறுப்புக்களை வாங்கிப் பூட்டிக்கொள்ளும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்து ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்பார் நிறுவிய லோட்டஸ் கம்பெனியார் 1957ஆம் ஆண்டில் 'லோட்டஸ் செவன்' என்னும் வண்டியை வெளியிட்டனர். முழுதும் பூட்டிய வண்டிக்கு அந்நாட்டில் அக்காலத்துக் கொள்முதல் வரி உண்டு. உறுப்புக்களாக வாங்குவோர்க்கு அஃது இல்லை. ஆதலின் பலர் அவற்றை வாங்கித் தம் வீட்டுக் கொட்டகையிலேயே வண்டியைப் பூட்டினர். 1973இல் அவ்வரி நீங்கி மதிப்புக்கூட்டு வரி வந்தது. அவ்வாண்டிலேயே வண்டியை ஆக்கும் உரிமையும் காட்டர்ஹாம் கம்பெனியார்பாற் சென்றது. எஃகுக் குழாய்ச் சட்டமும் அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடுமே வண்டியின் உடல். போர்டு கம்பெனியாரின் 'கென்ட்' எஞ்சின் இவ்வண்டிகள் பலவற்றில் அமைந்தது. கார்புரெட்டர் பொருந்திய அவ்வகை எஞ்சினையே நாம் கருதுகின்றோம்.

சிலிண்டர் ஒவ்வொன்றும் வேலை செய்ய மூன்று வேண்டும்: பெட்ரோலும் காற்றும் அளவாய்ச் சேர்ந்த கலவை, அதனை நெருக்கும் அமுக்கம், உரிய கணத்தில் எழும் தீப்பொறி. எஞ்சின் நிமிஷத்திற்கு 900 முறை சுழன்று மெல்ல ஓடும்போது, சிலிண்டர் ஒவ்வொன்றும் நிமிஷத்திற்கு 450 முறை வெடிக்கின்றது. ஒரு சிலிண்டர் உறங்கினும் வண்டி முழுதும் நடுங்கும்.

நடுக்கம் கண்டவுடன் கார்புரெட்டரின் திருகாணியைத் திருப்புதலே பலர் செய்யும் முதற் பிழை. வேகத்தைச் சிறிது கூட்டினால் நடுக்கம் மறையும், நோயோ மறையாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவித் தேய்மானத்தை விளைக்கும். கலவையிற் பெட்ரோல் மிகக் குறையின் மிக்க வெப்பத்தால் பிஸ்டனே உருகுதலும் உண்டு. ஆகவே திருகாணியை இறுதிவரை தொடலாகாது. இச்சோதனைகளைத் திறந்த வெளியிலேயே செய்தல் வேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினின் புகை உயிரைக் கொல்லும்.

முதலாவது, உறங்கும் சிலிண்டரைக் காண்க. எஞ்சின் மெல்ல ஓடும்போது, மின்சாரம் தாக்காத கைப்பிடியுடைய குறட்டால் பிளக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால், எதனைக் கழற்றியும் ஓசை மாறவில்லையோ அதுவே பிழைபட்டது. (எலெக்ட்ரானிக் முறையால் பொறி தரும் வண்டிகளில் இவ்வாறு செய்தல் கருவிக்குக் கேடாம்.) பின்னர், எஞ்சினை நிறுத்தி அந்தப் பிளக்கைக் கழற்றி நோக்குக. இளம் பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதியையோ பொறியின் மெலிவையோ காட்டும். வெளுப்பு, பெட்ரோற் குறைவைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு, பிஸ்டன் வளையங்களையோ வால்வுகளையோ ஐயுறச் செய்யும்.

இரண்டாவது, அப்பிளக்கை அடுத்த சிலிண்டரின் பிளக்கோடு மாற்றி வைக்க. பிழையும் உடன் சென்றால் பிளக்கே குற்றமுடையது. செல்லாவிடின் கம்பியையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ஆராய்க. மூடியில் மயிரிழை வெடிப்பு இருப்பின் இருளில் நீலப்பொறி ஓடுவது தெரியும்.

மூன்றாவது, அமுக்கமானியால் நான்கையும் அளக்க. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க. அளவு உயர்ந்தால் வளையங்கள் தேய்ந்தன; உயராவிடின் பிழை வால்விலோ தலைக் காஸ்கெட்டிலோ உள்ளது. அடுத்தடுத்த இரண்டும் குறைந்தால் அவற்றிடையே காஸ்கெட் கிழிந்திருத்தல் கூடும்.

இம்மூன்றிலும் குற்றம் காணாவிடின், உட்குழாயின் இணைப்பில் வெளிக்காற்றுப் புகுகின்றதா என்று பார்க்க. மெல்ல ஓடுகையில் நடுங்கி விரைவில் நேராகும் எஞ்சினில் இவ்வையம் பொருந்தும். கார்புரெட்டர் இரண்டாயின், ஒரு ரப்பர்க் குழாயை ஒவ்வொன்றின் வாயருகும் வைத்துக் கேட்க. இரண்டின் சீற்றமும் ஒத்திருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் எவ்வண்டிக்கும் பொது. தாமே பூட்டிய வண்டிக்குச் சிறப்பாய் உரியன வேறு சில உள. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருத்தலால், மின்சாரம் பாட்டரிக்கு மீள ஒரு பட்டைக் கம்பி வேண்டும். சட்டத்தின் வர்ணத்தைச் சுரண்டாமல் அக்கம்பியைப் பூட்டினால் மின்சாரம் செவ்வனே மீளாது, பொறியும் மெலியும். புதிய பெட்ரோல் தொட்டியிலும் குழாயிலும் தங்கிய உலோகத் துகள் கார்புரெட்டரின் நுண்துளையை அடைக்கும். இன்னும் ஒன்று: கென்ட் எஞ்சின் 1-2-4-3 என்னும் முறையில் வெடிப்பது, வேறு பல எஞ்சின்களோ 1-3-4-2 என்னும் முறையின. பழக்கத்தால் பின்னைய முறையிற் கம்பிகளை மாட்டியவர்க்கு எஞ்சின் இரண்டு சிலிண்டர்களில் மட்டுமே நொண்டி ஓடும். இங்கே உறுப்பெல்லாம் நல்லன, வரிசையே தவறு.

ஈண்டு ஓர் உண்மை புலனாகின்றது. கடையில் வாங்கிய வண்டி கெட்டால் பிறரைப் பழிக்கலாம். தன் கையாற் பூட்டியவனோ பெரும்பாலும் தன் கையையே ஐயுறல் வேண்டும், அஃது எளிதன்று. புதிய கார்புரெட்டரை விலைகொடுத்து வாங்குதல், "கம்பியை நானே தவறாக மாட்டினேன்" என்று ஒப்புவதைவிடப் பலர்க்கு எளிதாயிருக்கின்றது. ஆகவே, இறுதியாகத் தொட்டதை முதலில் ஆராய்க. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. மாற்றியதைக் குறித்து வைக்க. இரண்டை ஒருங்கே மாற்றியவன் வண்டி நேரானாலும் காரணத்தை அறியான். அறியாத பிழை மீண்டும் வரும்.

செய்யுளாயினும் எஞ்சினாயினும், பிழைத்த ஒன்றைக் கண்டு திருத்துவோர்க்கு ஏனைய மூன்றும் தாமே இசைந்து நடக்கும்.