கணையம் தன்னையே ஜீரணித்தால்...

"வெறும் வாயுதான், ஓமத் தண்ணி குடிச்சா சரியாயிடும்!" மேல் வயிறு வலிக்கிறது என்றால் நம் வீடுகளில் முதலில் கேட்கும் பேச்சு இது. பெரும்பாலும் சரியாகியும் விடும். ஆனால் வலிப்பது கணையமாக இருந்தால் ஓமம் கேட்காது.

கணையம் எங்கே இருக்கிறது தெரியுமா? இரைப்பைக்குப் பின்னால், சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் படுத்திருக்கிறது. இன்சுலினைத் தருவது அதுதான் என்பது பலருக்குத் தெரியும். நாம் சாப்பிடும் பருப்பையும் முட்டையையும் கரைக்கும் ஜீரண நீரும் அங்கேதான் சுரக்கிறது.

சரி, முட்டையைக் கரைக்கும் நீர் கணையத்தை ஏன் கரைப்பதில்லை? அதுதான் இயற்கையின் முன்ஜாக்கிரதை. புரதத்தைச் செரிக்கும் டிரிப்ஸின் என்ற என்ஸைம், கணையத்தின் செல்களில் பூட்டுப் போட்ட நிலையில், சின்னச் சின்னப் பைகளில் இருக்கிறது. அப்போது அதன் பெயர் டிரிப்ஸினோஜன். சிறுகுடலுக்கு வந்த பிறகுதான் அங்குள்ள வேறொரு என்ஸைம் பூட்டைத் திறக்கும். தப்பித் தவறி உள்ளேயே கொஞ்சம் திறந்துகொண்டால், அதை அடக்க ஒரு காவல் புரதமும் உண்டு.

பித்தப்பைக் கல் நழுவி வந்து கணையக் குழாயின் வாசலை அடைத்தாலோ, மதுப் பழக்கம் மிஞ்சினாலோ இந்தக் கட்டுப்பாடு குலைகிறது. செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மீறி ஏறுகிறது. சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா சோர்ந்துவிடுகிறது. வெளியேற முடியாமல் தேங்கிய ஜீரணப் பைகள், செல்லின் கழிவுகளை அரைக்கும் லைசோசோம் பைகளோடு கலந்துவிடுகின்றன. அங்குள்ள கதெப்ஸின் பி என்ற என்ஸைம் பூட்டைத் திறந்துவிடுகிறது. அப்புறம் என்ன? ஒரு துளி மோர் பால் முழுவதையும் தயிராக்குவது போல, டிரிப்ஸின் மற்ற என்ஸைம்களையும் எழுப்பிவிடும். செல்கள் சிதைகின்றன, வெள்ளை அணுக்கள் திரண்டு வர, வீக்கம் பெருகுகிறது. சிலருக்கு நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிப்பு போகும்.

கணையம் தன்னையே ஜீரணிக்கிறது என்று 1896-லேயே சொன்னவர் ஹான்ஸ் கியாரி என்ற ஆஸ்திரிய மருத்துவர். சரியாக நூறு வருஷம் கழித்து, 1996-ல், பரம்பரையாக இந்நோய் வரும் குடும்பங்களில் டிரிப்ஸினோஜன் ஜீனிலேயே கோளாறு இருப்பது தெரிந்தது.

பித்தப்பைக் கல் பெண்களுக்குத்தான் அதிகம். கர்ப்ப காலத்திலும் உண்டாகலாம். ஆகவே நாம் சற்றுக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். மேல் வயிற்றில் திடீரென்று கடும் வலி, அது முதுகு வரை பாய்வது, கூடவே வாந்தி... இப்படி இருந்தால் "சமையலை முடிச்சுட்டுப் போகலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தத்தில் லைபேஸ் அல்லது அமிலேஸ் சாதாரண அளவைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் டாக்டருக்கு நோய் புரிந்துவிடும். நரம்பு வழியே திரவம், வலிக்கு மருந்து, தாங்கும்போது லேசான ஆகாரம் - இவையே முதல் சிகிச்சை. ஐந்தில் நான்கு பேருக்கு நோய் கடுமையாவதில்லை. ஆனால் காரணம் கல் என்றால், வலி போயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. பித்தப்பையை எப்போது எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும்.