காற்றில் நீர் அருந்தும் பூசண உண்ணி

மழைக்காலத்தில், மூட்டையில் கட்டி வைத்த கொப்பரையின்மீது வெண்ணிறத் தூள் படிந்திருப்பதுண்டு. உருப்பெருக்கும் கண்ணாடியால் உற்று நோக்கினால் அத்தூளின் ஒரு பகுதி நகர்வதைக் காணலாம்! அவை டைரோபேகஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த உண்ணிகளாக இருக்கலாம்.

இவை பூச்சிகள் அல்ல; எட்டுக் கால்கள் கொண்ட, சிலந்தியின் உறவினங்கள். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் நீளத்திற்கு உட்பட்டவை. கொப்பரை, நிலக்கடலை, பாலாடைக்கட்டி போன்ற கொழுப்பு மிகுந்த பொருள்களையும், அவற்றில் வளரும் பூசணத்தையும் தின்னும். பூசணத்தைத் தின்றாலும் அதை அழிப்பதில்லை. பூசண வித்துகள் இவற்றின் உடல் மயிர்களில் ஒட்டிக்கொண்டு புதிய இடங்களுக்குப் பரவுகின்றன.

இவற்றால் மனிதருக்கும் தொல்லை உண்டு. கொப்பரையைக் கையாண்ட தொழிலாளருக்கு ஏற்பட்ட தோல் அரிப்புக்கு இத்தகைய உண்ணிகளே காரணம் என்பதை, இலங்கையில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 1912ஆம் ஆண்டில் விளக்கினார். இவை தோலைத் துளைப்பதில்லை, இரத்தம் குடிப்பதுமில்லை. தோலில் பட்டாலே சிலருக்கு அரிப்பு உண்டாகிறது.

உலர்ந்த பண்டத்தில் வாழும் இவற்றுக்கு நீர் எங்கிருந்து கிடைக்கிறது? மழைநாளில் சமையலறை உப்பு கசிவதை நினைத்துப் பாருங்கள். உப்பு காற்றிலுள்ள நீராவியை ஈர்க்கிறது. இவ்வகை உண்ணிகளின் முன்கால்களின் அருகே உள்ள சுரப்பிகள் உப்புக் கரைசலைச் சுரக்கின்றன. அக்கரைசல் நீராவியை ஈர்த்து வாய்க்குக் கொண்டு சேர்க்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 65 விழுக்காட்டிற்குக் கீழே நெடுநாள் நீடித்தால் இந்த ஏற்பாடு பயன்படாது. உருவம் சிறுக்கச் சிறுக்க, பருமனை நோக்க மேற்பரப்பு மிகும் அல்லவா? எனவே உண்ணி விரைவில் நீரை இழந்து மடிகிறது.

ஆனால் பகலில் அளந்த ஈரப்பதத்தை மட்டும் நம்பக்கூடாது. 30 டிகிரி செல்சியசில் 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று, ஒரு கனமீட்டருக்குச் சுமார் 20 கிராம் நீராவியைக் கொண்டிருக்கும். அதே காற்று இரவில் 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் முற்றும் நிறைவுற்றுவிடும். குளிர்ந்த சுவரை ஒட்டிய மூட்டையில் முதலில் பூசணம் பிடிப்பது இதனால்தான்.

ஆகவே, கொப்பரையை ஈரம் 6 விழுக்காட்டிற்கு மேற்படாதவாறு உலர்த்த வேண்டும். மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, மரப்பலகைகள்மீது அடுக்க வேண்டும். ஈரம் இல்லையேல் பூசணம் இல்லை, உண்ணியும் இல்லை.