ஏட்டில் ஏறாத நாணயம்



ஒருவரை 'நாணயமானவர்' என்று ஊரார் சொல்வாராயின், வாங்கிய கடனை வாக்குத் தவறாது திருப்பித் தருபவர் என்பதே அதன் பொருள். அந்த நற்பெயரைக் கடைக்காரரும் அயலவரும் நெஞ்சிலே எழுதி வைத்திருப்பர். ஆனால் வங்கி முகாமையாளருக்கு நம் அயலவரைத் தெரியாது. அவர் நம்மை அறிவது ஓர் அறிக்கையின் வாயிலாகவே. அவ்வறிக்கையைப் பற்றிச் சிறிது கூறுவது வன்னி வாழ் நேயர்களுக்குப் பயன்படும்.

இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்டது. தென்னாசியாவில் இத்தகைய நிறுவனங்களுள் இதுவே முதலாவது. யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம், அதில் எவ்வளவு செலுத்தப்பட்டது, தவணை எத்தனை நாள் தப்பியது என்னும் விவரங்களை வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் இதற்கு அறிவிக்கின்றன. அங்கே பெயர் இருந்தால் கடன் கிடையாது என்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறு. ஒழுங்காகக் கட்டியவர் பெயரும் அங்கே உண்டு. கடன் கொடுப்பதா, இல்லையா என்று தீர்மானிப்பது வங்கியே; பணியகமன்று.

இதனால் ஒன்று விளங்கும். ஏட்டிலே உள்ள விவரங்களைக் கொண்டே நமக்குப் புள்ளி கணிக்கப்படுகின்றது. ஏட்டில் ஏறாத நாணயத்துக்குப் புள்ளி இல்லை.

வன்னியிலே இக்குறை பெரிது. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரில் இடம்பெயர்ந்தோர் வீட்டோடு வங்கிப் புத்தகங்களையும் பற்றுச்சீட்டுகளையும் இழந்தனர். மீள்குடியேறிய பின்னர், சீட்டிலும், கடையிலும், நெல் வியாபாரியிடமும் கடன் பெற்றுக் காலபோக அறுவடையில் தீர்த்தோர் பலர். அத்தனையும் நேர்மையான கொடுக்கல் வாங்கலே. ஆயினும் அவற்றுள் ஒன்றும் பணியகத்தின் ஏட்டில் இல்லை. ஆதலால் முதன்முறையாக வங்கியை நாடும் உழவர் அங்கே முன்பின் அறியாதவராகின்றார். வங்கி கைவிரித்தால், படலைக்கு வந்து கிழமைதோறும் தவணை வாங்கும் நுண்கடனே மிஞ்சுகின்றது. அக்கடனின் வட்டிச் சுமை தாங்கொணாததாயிற்று. எனவே 2018ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது.

இனி, செய்ய வேண்டியவை யாவை?

முதலாவதாக, உங்கள் அறிக்கையை நீங்களே பெற்றுப் பாருங்கள். வங்கிக் கிளை மூலமாகவோ இணையவழியாகவோ அதற்கு விண்ணப்பிக்கலாம். பெயரின் எழுத்துக்கூட்டலும் அடையாள அட்டை இலக்கமும் சரியா என்று ஒப்பிடுங்கள். 2016ஆம் ஆண்டு முதல் 12 இலக்க அட்டைகள் வழங்கப்படுவதால், பழைய இலக்கத்தில் பெற்ற கடனும் அறிக்கையில் இடம்பெற்றுள்ளதா என்று பார்த்தல் நன்று.

இரண்டாவதாக, கடன் தீர்ந்த அன்றே 'கணக்கு முடிந்தது' என்னும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். நிவாரணத்தினால் நீங்கிய கடனுக்கும் இது பொருந்தும். தீர்த்த கடன் நிலுவையாகத் தோன்றினால், கடிதத்தைக் காட்டிக் கடன் கொடுத்த நிறுவனத்திடம் முறையிடுங்கள். விவரத்தை அனுப்பியவரே அதைத் திருத்தி அனுப்ப வேண்டும்.

மூன்றாவதாக, பிணை நிற்குமுன் ஆலோசியுங்கள். பிணையாளியின் அறிக்கையிலும் அக்கடன் இடம்பெறும். ஒரே குழுவில் ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் சகோதரிகள் இதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

நான்காவதாக, அறிக்கையில் யாதும் இல்லாதவர், அதை விவரமறிவிக்கும் வங்கியொன்றில் சிறு கடனோடு தொடங்கலாம். இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி விதைப்பவருக்குப் பணம் வருவது அறுவடைக்குப் பின்னரே. கிழமைத் தவணை அவருக்கு ஒவ்வாது. ஆகவே தவணை நாளை அறுவடையோடு பொருந்த அமைக்குமாறு கையொப்பமிடுமுன்னரே கேளுங்கள். ஒரே மாதத்தில் பல இடங்களில் விண்ணப்பித்தலையும் தவிருங்கள். அவ்விசாரணைகளும் அறிக்கையில் பதியும்.

உண்மையாகவே தவறிய தவணையை எவராலும் அழித்துவிட முடியாது. ஆனால் ஒழுங்காகக் கட்டிய தவணை ஒவ்வொன்றும் பதிவாகியிருக்கக் காண்பது உங்கள் உரிமை. அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்கக் கடன் கேட்குமுன், ஒருமுறை அந்த ஏட்டைப் புரட்டிப் பாருங்கள்.